ஆல்ட்டும் ஒன்றும்

வக்கீல்களுக்கு மனு தட்டிக் கொடுக்கும் கடையில் அவருக்கு ‘மின்னல்’ என்று பெயர். வக்கீல் சொல்லி வாய் மூடுவதற்குள் தாள் பிரிண்டரில் கிடக்கும். பாதி வேலையை வேர்டில் அவர் போட்டு வைத்திருந்த மேக்ரோக்கள் செய்தன. ஒரு விசைக்கு மனுவின் தலைப்பகுதி, இன்னொன்றுக்கு உறுதிமொழி. அதில் தப்பில்லை. மனுவை யாரும் பாசத்தில் எழுதுவதில்லை.

அந்தப் புத்தியைத் தட்டச்சர்களின் இணைய மன்றத்துக்கும் கொண்டுபோனதுதான் கேடு. அங்கே யார் எதை எழுதினாலும் மின்னல் விசைப்பலகையில் ஆல்ட்டையும் ஒன்றையும் சேர்த்து அழுத்துவார். “தங்கள் பதிவை முழுமையாக வாசித்தேன். மிகவும் பயனுள்ளது. வாழ்த்துகள்!” என்று வந்து விழும், தானே காப்பியும் ஆகிவிடும். மன்றத்தில் ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. ஆல்ட்டும் இரண்டும் மறுப்புக்கு: “தங்கள் கருத்தை மதிக்கிறேன். ஆனால் ஏற்க இயலாது.” எதை ஏற்கவில்லை என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

“படிச்சுட்டுதான் போடுறீங்களா?” என்று மனைவி ஒருநாள் கேட்டாள்.

“எல்லாத்தையும் படிச்சுக்கிட்டிருந்தா நான் எப்பச் சாப்பிடறது?”

மன்றத்தில் அதிகம் பேசுபவர் என்று பெயருக்குப் பக்கத்தில் தங்க நட்சத்திரம் வேறு கொடுத்தார்கள். தலை கால் புரியவில்லை மனிதருக்கு. கேட்டவர், கேட்காதவர் எல்லாருக்கும் மேக்ரோவை வாரி வழங்கினார்.

பிறகு வலது கை மரத்துப் போக ஆரம்பித்தது. மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர்.

“அப்புறம் பழையபடி தட்டலாமா டாக்டர்?”

“பெரும்பாலும் முடியும்.”

அந்தப் ‘பெரும்பாலும்’ மனசில் முள்ளாகக் குத்தியது. அவருக்கு வேறு தொழில் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி மன்றத்தில் எழுதினார். ‘மணிக்கட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் யாராவது உண்டா? மறுபடி தட்ட முடிகிறதா? பயமாக இருக்கிறது.’

பதில்கள் மளமளவென்று வந்தன. தங்கள் பதிவை முழுமையாக வாசித்தேன். மிகவும் பயனுள்ளது. வாழ்த்துகள்! அதன் கீழே அதே. அதற்கும் கீழே அதே. ஒரு புண்ணியவான் விசை மாறி அழுத்தி, அவருடைய பயத்தை ஏற்க இயலாது என்று மறுத்திருந்தார்.

மின்னலுக்குத் தான் மென்று துப்பியதைத் தன் தட்டிலேயே வைத்தது போலிருந்தது.

“சீ, மனுஷங்களா இவங்க?”

மனைவி திரையை எட்டிப் பார்த்தாள். “நீங்க எழுதிக் கொடுத்ததுதானே?” என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

மின்னல் மன்றத்தின் பழைய பதிவுகளில் மணிக்கட்டு என்று தேடினார். ஒன்றே ஒன்று அகப்பட்டது. போன வருஷம் ஓர் அலுவலகத் தட்டச்சர் அம்மாள் எழுதியது: ‘ஆபரேஷன் ஆகித் தையலும் பிரித்தாயிற்று. விரல்கள் இன்னும் சொன்னபடி கேட்கவில்லை. எல்லாருக்கும் இப்படித்தானா, எனக்கு மட்டும்தானா? யாராவது சொல்லுங்களேன்.’

அதற்கு வந்திருந்தது ஒரே பதில். வாழ்த்துகள் சொல்லியிருந்தது. பெயருக்குப் பக்கத்தில் தங்க நட்சத்திரம்.

தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். அந்த அம்மாளுக்குத் தனிச்செய்தி எழுதினார். மேக்ரோவைத் தொடவில்லை. அன்றைக்குப் படிக்காமலே பதில் போட்டதைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, தன் கையின் கதையையும் சொல்லி, கடைசியில், ‘உங்கள் விரல்கள் இப்போது எப்படி இருக்கின்றன?’ என்று கேட்டு முடிப்பதற்குள் தோள்பட்டை விட்டுப் போயிற்று.

அனுப்பிய கையோடு பதில் வந்துவிட்டது. விரல் சரியாகாத யாரும் அவ்வளவு சீக்கிரம் தட்ட முடியாது என்று ஒரு கணம் மனம் குளிர்ந்து, அதைத் திறந்தார்.

‘தங்கள் பதிவை முழுமையாக வாசித்தேன். மிகவும் பயனுள்ளது. வாழ்த்துகள்!’