மருத்துவச்சி ஹாவிஸ் விட்ட வார்த்தை

ஆல்டர்பியில் யாரைக் கேட்டாலும் தன்னை முதலில் தொட்ட கை ஹாவிஸுடையது என்றுதான் சொல்வார்கள். பெரிய கொள்ளைநோய் ஊரில் பாதியை வாரிக்கொண்டு போன பிறகு, மிச்சமிருந்த பெண்கள் கோயிலில் கூடி, மருத்துவச்சியாக இவள்தான் வேண்டும் என்று கைகாட்டினார்கள். கூரை வேய்கிறவனின் விதவை. நாலு பெற்று மூன்றைப் பறிகொடுத்தவள். வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் ராசியான கை என்று சதுப்புக்கு அந்தப் பக்கத்து ஊர்களிலும் பேர் இருந்தது.

எங்கள் பக்கத்தில் மருத்துவச்சிக்குக் கை மட்டும் போதாது, நாக்கும் சுத்தமாக இருக்க வேண்டும். பிள்ளை பிழைக்காது என்று தெரிந்து, சாமியாரைக் கூப்பிடவும் நேரமில்லை என்றால், அவளே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும். "உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன், பிதாவின் பேராலே, சுதன் பேராலே, பரிசுத்த ஆவியின் பேராலே." இவ்வளவுதான். ஆனால் இதில் ஒரு பேர் விட்டுப்போனாலும் செல்லாது. செல்லாவிட்டால் பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது, வேலிக்கு வெளியே வாய்க்கால் ஓரமாகக் குழி தோண்டுவார்கள். மண் எங்கே இருந்தால் என்ன என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த ஆத்துமம் மோட்சத்துக்குப் போகாமல், நரகத்துக்கும் போகாமல், நடுவில் வெளிச்சமில்லாத ஓர் இடத்தில் உலகம் முடிந்த பிறகும் தனியாகக் கிடக்கும். பெற்றவள் செத்துப்போய்த் தேடினாலும் அதைப் பார்க்க முடியாது.

அதனால்தான் தவக்காலம் வந்தால் ஆஸ்பர்ட் சாமியார் ஹாவிஸைப் பீடத்துக்கு முன்னால் நிறுத்தி அந்த வார்த்தைகளைச் சொல்லச் சொல்லிக் கேட்பார். அவளும் கணீரென்று சொல்லிவிட்டு வருவாள். வாத்துகளுக்குத் தீனி போடும்போதெல்லாம் அதையே முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். அவளுடைய வாத்துகளே ஞானஸ்நானம் கொடுக்கும் என்று ஊரில் கேலி உண்டு. சாமியாருக்குத்தான் அந்தச் சுத்தம் கிடையாது. பசி வந்துவிட்டால் பூசையின் லத்தீன் செபங்களை மெல்லாமல் விழுங்கிவிடுவார்.

அவர் விழுங்கியதெல்லாம் எங்கே போகிறது என்று ஹாவிஸுக்குத் தெரியும். மருத்துவச்சியான நாளிலிருந்து அவள் கண்ணுக்கு இரண்டு பேர் தெரிந்தார்கள். ஒருவர் சம்மனசு, வானத்திலிருந்து வருகிற தேவதூதர். சிறகெல்லாம் ஒன்றும் கிடையாது, நல்ல உயரம். எங்கள் வீட்டுக் கூரைகளுக்குக் கீழே குனிந்துதான் நிற்க வேண்டும். கூலிக்கு வந்தவன் வேலை சொல்லக் காத்திருப்பதுபோலப் படுக்கையின் கால்மாட்டில் பேசாமல் நிற்பார். இன்னொன்று பசாசு. குள்ளமாக, மூக்கு ஒழுகிக்கொண்டு, தோளில் சாக்குடன் வரும். செபங்களில் வாயிலிருந்து தவறி விழுகிற வார்த்தைகளைப் பொறுக்கிச் சேர்ப்பதுதான் அதன் பிழைப்பு. கடவுள் எல்லோருக்கும் தீர்ப்புச் சொல்கிற நடுத்தீர்வை நாளில் சாக்கைக் கொட்டிக் கணக்குக் காட்டுமாம். பூசை நேரத்தில் சாமியாரின் காலடியிலேயே உட்கார்ந்திருக்கும்.

ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை செத்தால், ஹாவிஸ் அதன் கண்ணை மூடுவதற்குள் சம்மனசானவர் ஆத்துமத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். பெறாமல் செத்தால் வெறுங்கையோடு தலையைக் குனிந்தபடி வெளியேறுவார். ஒருமுறை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது இதைச் சொன்னாள். சாமியார் மிரண்டுபோய், வெள்ளிக்கிழமைகளில் ரொட்டியும் தண்ணீரும் மட்டும் சாப்பிடு, வெளியே மூச்சு விடாதே என்றார். அவளும் விடவில்லை.

விலாங்கு மீன் பிடிக்கிற வாரினின் பெண்டாட்டி இடோனிக்கு வலி கண்டது ஒரு வருஷத் தவக்காலத்தில். தலைச்சன் பிள்ளை, அதுவும் மாதம் நிறையாமல். வெளியே மழை. உதவிக்கு வாரினின் அக்கா எம்மா இருந்தாள். விடிந்த பிறகு பிள்ளை வந்தது. பெண். நீலம் பாரித்து, வாத்துக்குஞ்சுபோல ஒருமுறை கீச்சிட்டது. பார்த்ததுமே ஹாவிஸுக்குத் தெரிந்துவிட்டது. சட்டியிலிருந்து தண்ணீரை அள்ளித் தலையில் விட்டபடி சொல்லத் தொடங்கினாள்.

"உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன், பிதாவின் பேராலே, சுதன் பேராலே..."

அந்த நேரம் பார்த்து இடோனிக்கு ரத்தம் மடை திறந்ததுபோலக் கொட்டியது. அவள் கண் செருகியது.

"துணியை எடுடீ எம்மா! அந்தத் துணியை எடு!" என்று ஹாவிஸ் கத்தினாள்.

பிறகு நடந்தது எதுவும் அவளுக்கு வரிசையாக நினைவில்லை. துணி, வெந்நீர், கையை உள்ளே கொடுத்து அழுத்தியது, எம்மா எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டு அலறியது. ஒருவழியாக ரத்தம் நின்றது, இடோனிக்கு மூச்சு வந்தது. திரும்பிப் பார்த்தபோது பிள்ளை அடங்கிப்போயிருந்தது.

ஹாவிஸ் அதைத் துடைத்து, துணி சுற்றி, அடுப்புக்குப் பக்கத்தில் மேசைமேல் கிடத்தினாள். அப்புறம்தான் கால்மாட்டைப் பார்த்தாள். சம்மனசானவர் இன்னும் போகவில்லை. பிள்ளையையும் வாங்கவில்லை, வெறுங்கையோடு வெளியேறவும் இல்லை. முக்காலியில் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை.

மூன்றாவது பேரைச் சொன்னோமா? துணியை எடு என்று கத்தினோமே, அதற்கு முன்னால் சொன்னோமா, பின்னால் சொன்னோமா? நாக்கைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். ஆயிரம் தடவை சொன்ன வார்த்தைகள் ஆனதால் எது இன்று சொன்னது, எது வாத்துகளிடம் சொன்னது என்று பிரிக்க முடியவில்லை.

"என்ன மருத்துவச்சி, தேடுறியா?" என்றது பசாசு. விறகுக் குவியலின் மேல் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "இங்க பத்திரமா இருக்கு. சூடு கூட ஆறல."

"பொய் சொல்ற."

"நான் எதுக்குப் பொய் சொல்லணும்? பொய் சொல்றது வேற ஆளுங்க வேலை. நான் வெறும் பொறுக்கி." அது மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சாக்கின் வாயைக் கொஞ்சம் தளர்த்தியது. உள்ளேயிருந்து, எச்சில் காயாத தன் குரலையே ஹாவிஸ் கேட்டாள். பரிசுத்த ஆவியின் பேராலே. சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்ட அந்தக் குரல்.

"யார்கிட்ட பெரியம்மா பேசுறீங்க?" என்று எம்மா கேட்டாள்.

"செபம் சொல்றேன்டி. நீ அந்த வெந்நீரைப் பாரு."

"செபத்துல யாராச்சும் பொய் சொல்றன்னு திட்டுவாங்களா?" என்று எம்மா முணுமுணுத்தாள். காலையில் பட்ட பயம் அவளுக்கு இப்போது கோபமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

சாமியாரைக் கூட்டிவர வாரின் போயிருந்தான். அவர்கள் வருவதற்குள் ஹாவிஸ் ஒரு முடிவுக்கு வர வேண்டும். அவர் கேட்பார், கேட்டே தீர வேண்டும். ஆமாம் என்றால் பிள்ளை தோட்டத்துக்குள் போகும், வேலிக்குள் படுக்கும். ஆனால் அதன் ஆத்துமம்? இல்லை என்றால் வாய்க்கால் ஓரம். அதோடு தன் பிழைப்பும் போச்சு. நாக்குத் தவறிய மருத்துவச்சியை எந்த வீட்டிலும் வாசல் ஏற்றமாட்டார்கள்.

"வாயை மூடிட்டு இரு" என்றது பசாசு, நல்லது சொல்கிற சொந்தக்காரன் மாதிரி. "செத்த புள்ள. இனிமே நீ எதைச் சொல்லி என்ன ஆகப் போகுது? பெத்தவ வயிறாவது குளிரட்டும்."

அது சொன்னதில் நியாயம் இருப்பதுபோலத்தான் பட்டது. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

ஆஸ்பர்ட் சாமியார் நனைந்த அங்கியுடன் குனிந்து உள்ளே வந்தார். பின்னால் மண்வெட்டியும் கையுமாக வாரின். பிள்ளையின் பக்கம் அவன் திரும்பவே இல்லை. சாமியார் மேசையருகே போய்ச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"உயிரோட இருக்கும்போது தண்ணி ஊத்துனியா ஹாவிஸ்?"

"ஊத்துனேன் சாமி."

"வார்த்தையை முழுசாச் சொன்னியா?"

ஹாவிஸ் வாயைத் திறப்பதற்குள் படுக்கையிலிருந்து சத்தம் வந்தது.

"சொன்னாங்க சாமி. நான் கேட்டேன்." இடோனிதான். வெளுத்துப்போன முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். "மூணு பேரையும் சொன்னாங்க. என் காதால கேட்டேன்."

அந்த நேரத்தில் இடோனிக்கு நினைவே இல்லை என்பது ஹாவிஸுக்குத் தெரியும். எம்மாவுக்கும் தெரியும். எம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்போ சரி" என்றார் சாமியார். அவருக்கும் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியிருக்க வேண்டும், குரல் தெளிந்துவிட்டது. "வாரின், கல்லறைத் தோட்டத்துல தெற்குப் பக்கம் தோண்டு. மழை விட்டதும் வர்றேன்."

பசாசு சாக்கின் வாயைச் சுருக்கிக் கயிறு போட்டது. ஹாவிஸ் சம்மனசானவரைப் பார்த்தாள். அவர் பிள்ளையைப் பார்க்கவில்லை, சாமியாரைப் பார்க்கவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அங்கேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார். பேசிக்கொண்டிருந்த ஒருத்தி பாதியில் நிறுத்திவிட்டால், எதிரே இருப்பவர் மிச்சத்துக்காகப் பார்ப்பாரே, அப்படி. அவருக்குப் பிள்ளை செத்ததும் தெரியும், செத்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் செல்லாது என்ற விதியும் தெரியும். அப்படியும் உட்கார்ந்திருக்கிறார் என்றால், முடிக்கிறாளா என்று பார்க்கத்தான்.

"வேணாம்" என்றது பசாசு. அதன் குரல் முதல்முறையாக நடுங்கியது.

ஹாவிஸ் மேசையருகே போனாள். சட்டியில் மிச்சமிருந்த தண்ணீரில் விரலை நனைத்து, பிள்ளையின் நெற்றியில் வைத்து, எல்லோரும் கேட்கச் சொன்னாள்.

"பரிசுத்த ஆவியின் பேராலே."

சாக்கு அடியில் கிழிந்தது. சாமியார் விழுங்கிய லத்தீனெல்லாம் விறகின்மேல் கொட்ட, பசாசு திட்டிக்கொண்டே நாலு காலில் தவழ்ந்து பொறுக்கியது. சம்மனசானவர் எழுந்தார். குனிந்து பிள்ளையைத் தூக்கினார், ஒரு கையால், விறகுக்கட்டைத் தூக்குகிற மாதிரி.

"தலையைப் பிடி!" என்று ஹாவிஸ் அதட்டினாள். பிறவியிலேயே வந்த அதட்டல், ஆளைப் பார்த்து அடங்காது. "கழுத்து நிக்காத புள்ள, தலைக்குக் கீழ கையைக் குடு!"

சாமியார் முகம் சிவந்தது.

"செத்த புள்ளைக்கு ஞானஸ்நானமா? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"காலையில ரெண்டு பேர்தான் சொன்னேன் சாமி. மூணாவது சொல்றதுக்குள்ள ரத்தம் கொட்டிடுச்சு, துணியை எடுன்னு கத்திட்டேன்."

"ஆமா, நானும் கேட்டேன்" என்று எம்மா வெடித்தாள். "துணியை எடுன்னுதான் முடிச்சாங்க! பிதா, சுதன், துணியை எடு! என் தம்பி புள்ளைக்கு இதுதான் ஞானஸ்நானம்!" சொல்லிவிட்டு மேல்துணியால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சாமியார் மேசையை விட்டு விலகினார். பிறகு, வேலிக்கு வெளியே தோண்டு என்று வாரினிடம் சொன்னார். இனிமேல் ஹாவிஸ் எந்தப் பிரசவத்துக்கும் போகக்கூடாது என்றும் சொன்னார். கடுமையாகச் சொல்லவில்லை, சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியேறினார். வாரின் பிள்ளையின் உடம்பிருந்த துணிச்சுருளை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு மழையில் இறங்கினான். எம்மா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள்.

ஹாவிஸ் சட்டியைக் கழுவினாள். ரத்தத் துணிகளை மூட்டை கட்டினாள். இனி இந்த வேலை தனக்கில்லை என்பது இன்னும் கைகளுக்கு எட்டவில்லை.

"நீங்க சும்மா இருந்திருக்கலாம்" என்றாள் இடோனி. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "நான்தான் கேட்டேன்னு சொன்னேன்ல. என் புள்ள உள்ள படுத்திருக்கும். வாய்க்கால்ல தண்ணி ஏறுனா என்ன ஆகும்?"

"புள்ள வாய்க்கால்கிட்ட இல்லடி."

"பேசாதீங்க. உங்க வாயால ஒண்ணும் கேக்க வேணாம். போங்க."

ஹாவிஸ் மூட்டையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனாள். கதவைத் திறந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது. இடோனி இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா. தலையைப் பிடின்னு கத்துனீங்களே."

"ஆமாடி."

"பிடிச்சாங்களா?"

"பிடிச்சாங்க கண்ணு" என்றாள் ஹாவிஸ். "ரெண்டு கையாலயும்."