அம்மாவைப் பூட்டிய காவல்

அப்பா தவறிப் போன பிறகு, அவர் எனக்கு அனுப்பிய குரல் செய்திகளைக் கூலிம் ஊரில் உள்ள என் வீட்டுக் கணினியில் ஏற்றிவைத்தேன். நான் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. மனசு மரத்துப் போயிருந்தது. பாலிங் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் இருக்கும் அம்மாதான் காலையில் கோப்பி கலக்கியதும் போனில் கடவுச்சொல் அடித்து உள்ளே போய் அவற்றைக் கேட்பார்.

இணையத்தில் இருக்கும் கணினியைக் கண்டவனும் தட்டுவான். அதற்குக் காவலாக ஒரு மென்பொருள் போட்டிருந்தேன். உள்நுழைவுப் பதிவுகளைப் படித்து, கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பத் தப்பாக அடிக்கும் முகவரியைக் கொஞ்ச நேரம் பூட்டிவிடும். அம்மா எப்போதுமே தப்பாகத்தான் அடிப்பார். அதனால் லயத்து வைஃபை முகவரிக்கு மட்டும் விலக்கு எழுதிவைத்திருந்தேன்.

போன மாதம் அந்த மென்பொருளைப் புதுப்பித்தேன். விலக்கு எழுதும் முறை மாறிவிட்டதால் புதிய பதிப்பு என் பழைய வரியைப் படிக்கவே இல்லை. மறுபடி தப்பு செய்தால் பூட்டும் நேரம் நீளும் என்பதும் புதிது. இரண்டும் மாற்றக் குறிப்பில், பக்கம் பக்கமான வளவளப்புக்கு நடுவே இருந்தன. அதை எவன் முழுசாகப் படிப்பான்?

லயத்தில் ஒருவர் போன் மக்கர் செய்தால் எல்லார் கையும் பட்டாக வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா, எதிர்வீட்டு அண்ணன் எல்லாரும் தங்கள் போனிலும் முயன்றிருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே வைஃபை, ஒரே முகவரி. பூட்டு விலகும்போதெல்லாம் யாராவது தப்பாக அடிக்க, அடுத்த பூட்டு இன்னும் நீண்டது.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அம்மா சும்மா உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். ஏன் கேட்கவில்லை என்றேன்.

"வரலய்யா. எல்லாரும் டிரை பண்ணிட்டாங்க. உங்கப்பாவுக்கே பேசிப் பேசி அலுத்துப் போச்சு போலலா."

எனக்கு அழுகை வரவில்லை. லயத்து வைஃபையைத் தொடாமல் என் போனின் சொந்த இணையம் வழியாகக் கணினிக்குள் போய், பூட்டை எடுத்துவிட்டு, விலக்கைப் புது முறையில் எழுதினேன். சரியாகிவிட்டதா என்று பார்க்க அம்மாவின் போனில் ஒரு செய்தியைத் திறந்துதானே ஆக வேண்டும். அப்பாவின் குரல் வந்தது.

"பாசாருக்கு வந்திருக்கேன்யா. நல்ல கருவாடு இருக்கு. ஒனக்கு வாங்கவா?"

அம்மா சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். "கேக்கறாருல்ல, பதில் சொல்லுய்யா" என்றார்.

வாங்குங்கப்பா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.