ஒல்லியான ஈ

லவான் ஹால்வர்சனுக்கு எதையும் கொஞ்சமாகப் போட வராது. மிசௌரி ஆற்றில் அணைக்குக் கீழே இருக்கும் அந்தச் சின்ன ஊரின் பள்ளிச் சமையலறையில் பல வருஷமாகக் கரண்டி பிடிப்பவள். தட்டில் உருளைக்கிழங்கு மசியல் விளிம்பைத் தாண்டினால்தான் அவளுக்குக் கை நிற்கும். அந்தக் கை இந்தக் குளிர்காலத்தில் தூண்டில் முள்ளில் நூலும் கம்பளியும் சுற்றி, மீனை ஏமாற்றும் பொய் ஈ கட்ட ஆரம்பித்தபோது, முள்ளையும் அப்படித்தான் கவனித்தது.

"இது ஈயா, இல்ல பூனைக்குட்டியா?" என்றான் அவள் புருஷன் ஆர்லோ, சாய்வு நாற்காலியிலிருந்து எழாமலே.

"பசியா இருக்கிற மீனுக்குப் பூனைக்குட்டியும் ஈதான். நீ டிவியப் பாரு."

ஆர்லோ வாழ்நாளெல்லாம் மாவட்டச் சாலையில் பனி வாரும் வண்டி ஓட்டியவன். இரண்டு வருஷமாகக் கை நடுக்கம். பெரிய வேலைக்குப் பாதகமில்லை. தூண்டில் கோலை முன்போலவே அழகாக வீசுவான். ஆனால் குளிர்கால ஈ அரிசியில் பாதிகூட இருக்காது. அதன் முள்ளில் ஊசிக்காதுபோல இருக்கும் துளையில் தங்கூஸ் நரம்பைக் கோத்து முடிச்சுப் போடுவது நல்ல கைக்கே சள்ளை பிடித்த வேலை. போன நவம்பரில் கரையில் நின்று மூன்று ஈயைப் பனியில் தவறவிட்டான். பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த கிளிஃப், பால்யகாலச் சிநேகிதன், கேட்காமலே வந்து, அவன் கையிலிருந்ததை வாங்கி முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். நல்ல காரியம்தான். அந்த நல்ல காரியத்தை ஆர்லோவால் ஜீரணிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து, ஆற்றில் இறங்கப் போடும், மார்பு வரை வரும் ரப்பர் உடையைக் கார் கொட்டகையில் மாட்டியவன் பிறகு அதைத் தொடவில்லை.

ஜனவரி பிறந்து ஒரு வாரம் இருக்கும். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னான்:

"ஞாயித்துக்கெழம கிளிஃப் வர்றான். கோல எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டேன்."

"யாரக் கேட்டுச் சொன்ன?"

"என் கோலு. நானே என்னையக் கேட்டுக்கிட்டேன்."

கோல் போய்விட்டால் இந்த மனிதன் நாற்காலியை விட்டு எழ ஒரு காரணமும் மிச்சமிருக்காது என்பது லவானுக்குத் தெரியும். சாப்பாட்டு மேஜையில், முள்ளை இறுக்கிப் பிடிக்கும் அவனுடைய பழைய வைஸைத் திருகி மாட்டினாள். முதலில் கட்டியதெல்லாம் வீண். கடைசியில் வைக்கிற பசை முள்ளின் காதை அடைத்துவிட்டது. பிறகு பசை காய்வதற்குள் ஊசியை விட்டு எடுக்கப் பழகினாள். அதோடு ஒரு தந்திரமும் செய்தாள். ஒவ்வொரு ஈக்கும் ஒரு முழ நரம்பை வீட்டிலேயே முடிச்சிட்டு, மறுமுனையில் பெரிய கண்ணியாகப் போட்டாள். கோல் நரம்பின் நுனியிலும் அதேபோல் ஒரு கண்ணி. ஆற்றங்கரையில் கண்ணிக்குள் கண்ணியை மாட்டி இழுத்தால் போதும், முடிச்சே வேண்டாம். பழைய ரப்பர் செருப்பை வெட்டி, அந்தத் துண்டுகளில் நரம்பைச் சுற்றிவைத்தாள்.

எந்த ஈயைக் கட்டுவது என்பதில்தான் திண்டாட்டம். கரையில் அவசரத்துக்குப் புதிதாக ஒன்றை முடிய முடியாது; கொண்டுபோவதுதான் கையிருப்பு. குளிரில் ட்ரௌட் மீன் ஆழத்தில் அசையாமல் கிடக்கும், தீனி வாய்க்கு நேராக வந்தால்தான் வாயைத் திறக்கும். ஆற்றடிப் புழுவுக்குச் சிவப்பு நூல், மீன் முட்டைக்கு ஆரஞ்சுக் கம்பளி, பூச்சிக்குக் கறுப்பு நூலும் செம்புக் கம்பியும் என்று மூன்று தினுசு முடிவு செய்தாள். எல்லாம் புஷ்டியாக.

சனிக்கிழமை உச்சிவெயில் நேரம் வண்டியை எடுத்தாள். குளிர்காலத்தில் மீனுக்கு விழிப்பு வருவதே அப்போதுதான்.

"எங்க கூட்டிட்டுப் போற?"

"நாளைக்குக் கோலக் குடுக்கப் போற. கடைசியா ஒரு தடவ நனைச்சுட்டுக் குடு. கஞ்சனாட்டம் காய்ஞ்ச கோலயா குடுப்பாங்க?"

முணுமுணுத்துக்கொண்டேதான் ரப்பர் உடைக்குள் காலை விட்டான். கோலின் வளையங்களில் பனி கட்டாமலிருக்க அவள் உதட்டு மெழுகைத் தடவினாள். செருப்புத் துண்டு ஒன்றை அவன் கையில் கொடுத்துவிட்டு, காபி ஊற்றும் சாக்கில் முதுகைத் திருப்பிக்கொண்டாள். அவன் இரண்டு தடவை தவறவிட்டு வைததும், பிறகு பேச்சு நின்றதும் காதில் விழுந்தது. திரும்பியபோது கண்ணி மாட்டியிருந்தது. அவனே மாட்டியிருந்தான்.

சிவப்பை வீசினான். தக்கை நீரோடு போனது, திரும்பி வந்தது. ஆரஞ்சை மாட்டினான். அதற்கும் ஒன்றுமில்லை. கால்விரல்கள் மரத்துப்போகும் வரை வீசிவிட்டுக் கரையேறினான்.

"மீனெல்லாம் ஊரக் காலி பண்ணிட்டுப் போயிருச்சு. வா, போலாம். கிளிஃப்பாவது பிடிக்கட்டும்."

சாமான்களை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். கரைப் பனியின் மேல் கறுப்பாக ஏதோ ஊர்ந்துகொண்டிருந்தது. ஒன்றல்ல, நிறைய. ஆற்றிலிருந்து வெளிவந்த பூச்சிகள். சீரகத்தைவிடச் சின்னவை, பென்சிலால் கிழித்த கோடுபோல மெலிந்தவை. தன் கறுப்பு ஈ ஒன்றை எடுத்து அவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கல்யாண விருந்துக்குப் போய்வந்ததுபோல் இருந்தது.

"ஆர்லோ, நான் இதுகளுக்குச் சோறு போட்டுப் போட்டு வளத்திருக்கேன்."

"அதத்தான் நான் அன்னைக்கே சொன்னேன்."

"பூனைக்குட்டின்னு சொன்ன. கொழுப்பா இருக்குன்னு எங்க சொன்ன?"

கைப்பையிலிருந்த நகவெட்டிக் கத்தரியை எடுத்து, ஈயின் மார்பில் சுற்றிய கம்பளியை வெட்டினாள், வாலை வெட்டினாள், போர்த்தியிருந்த இழைகளையெல்லாம் கழித்தாள். முள்ளும் நூலும் ஒரு சுற்றுக் கம்பியும் மட்டும் மிஞ்சின. கை அவளுக்குக் கூசியது.

"உரிச்ச கோழியாட்டம் இருக்கு," என்றான்.

"மாட்டு."

மறுபடி ஆற்றில் இறங்கினான். முதல் வீச்சில் ஒன்றுமில்லை. அடுத்ததில் தக்கை நின்றது. முங்கக்கூட இல்லை, யோசிப்பதுபோல் சும்மா நின்றது. கோலை உயர்த்தினான். கோல் வளைந்து துடித்தது. அது மீனின் துடிப்பா கையின் நடுக்கமா என்று கரையிலிருந்து பார்த்த லவானுக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "விடாத! விடாத!" என்று அவள் கத்த, "விடுறதுக்கா பிடிச்சிருக்கேன்?" என்று அவன் திருப்பிக் கத்தினான். கடைசியில் வலைக்குள் வந்தது, முழங்கை நீளத்தில், வயிறெல்லாம் வெண்ணெய் நிறத்தில். நீரிலேயே வைத்து முள்ளை நழுவவிட்டு, அது தானாக நீந்திப் போகும்வரை வாலைப் பிடித்திருந்தான்.

பிறகு திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினான்.

"இன்னொண்ணு வெட்டு. இது பல்லு பட்டு நைஞ்சுபோச்சு."

மறுநாள் கிளிஃப் வந்து, கொட்டகை வாசலில் பூட்ஸைத் தட்டினான். "கோல் எங்கடா?"

"ஈரமா இருக்கு."

"தொடச்சுக் குடு."

"இனிமே அது காயாது. சனிக்கெழம நீ உன் கோலோட ஆத்துக்கு வா. ஆனா என் முடிச்சத் தொட்டேன்னா, பனிவண்டிய மேல ஏத்திருவேன்."

கிளிஃப் வீட்டுக்குள் மேஜைப் பக்கம் வந்து, லவான் கட்டிவைத்திருந்ததில் ஒன்றை விரல்நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். "இதுல ஈ எங்கம்மா இருக்கு? வெறும் முள்ளுல்ல இருக்கு?"

"கீழ வை. எடுத்தா எண்ணிக்க கொறையும்," என்றான் ஆர்லோ, நாற்காலியை இழுத்து மேஜையருகே போட்டுக்கொண்டே. "கறுப்பு போதும், லவான். அடுத்து ஆலிவ் நெறத்துல கட்டு. பெப்ரவரில அதத்தான் திங்கும்."