அக்காவின் நாற்காலி

நான் வேலை பார்க்கும் ஆபீஸில் யாரும் உட்காராத நாற்காலி ஒன்று இருக்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் நான் டீ போடுகிறேன்.

தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருக்கிறது அந்த ஆபீஸ். கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் விளம்பரம் செய்து கொடுக்கும் இடம். செல்போனில் வரும் படம், ரோட்டோரப் பலகை, பேப்பருக்குள் வைத்துக் கொடுக்கும் நோட்டீஸ் எல்லாம் அங்கேதான் உருவாகும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் ஊர். நடவும் அறுப்பும் மெஷினுக்குப் போன பிறகு ஊரில் தொடர்ந்து வேலை இல்லை. தெரிந்தவர் ஒருவர் சொல்லி இங்கே சேர்ந்தேன். காலையில் கதவைத் திறப்பது, தரை துடைப்பது, டீ போடுவது, வெளிவேலைக்குப் போய் வருவது. ஆட்களோடு பேசுவதென்றால் எனக்குச் சிறு வயதிலிருந்தே கூச்சம். இந்த வேலையில் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதே பெரிய நிம்மதியாக இருந்தது.

முதலாளி என்னைவிட இளையவர். சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு வந்து சொந்தமாக ஆரம்பித்தவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. என்னையும் "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கேக் வரும். நாமெல்லாம் ஒரே குடும்பம் என்பார். யாரையும் திட்டமாட்டார். அதே மாதிரி, இது வேண்டாம், அதை மாற்று என்று நேராகவும் சொல்லமாட்டார். ஒரு வேலை பிடிக்கவில்லை என்றால் பேசாமல் இருப்பார். அந்தப் பேசாமை எதற்காக என்று மற்றவர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். சிலர் அதைக் கண்டுபிடிக்கவே சாப்பாட்டு நேரம் முழுவதும் செலவழிப்பார்கள்.

ஒரு திங்கட்கிழமை மீட்டிங்கில், மேஜையின் ஒரு முனையில் சக்கரம் வைத்த நாற்காலி ஒன்றைக் காலியாகப் போடச் சொன்னார்.

"இது நம்ம கஸ்டமரோட சீட்டு. நாம என்ன பேசினாலும் அவங்க இங்க உக்காந்து கேக்குறாங்கன்னு நினைச்சுப் பேசணும்."

பெரிய கம்பெனிகளில் இப்படிச் செய்வார்களாம். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தக் கஸ்டமர் யார் என்றும் அவர்களே உட்கார்ந்து முடிவு செய்தார்கள். நாற்பது வயதுப் பெண். இந்தப் பக்கத்து கிராமம். புருஷன் சிங்கப்பூரில். வீட்டில் மாடு, கொஞ்சம் நஞ்சை, காலேஜ் படிக்கும் மகள். கிராமத்து விவரம் தேவைப்பட்டபோது என்னைக் கூப்பிட்டார்கள். பால் கறந்து ஊற்றிவிட்டு அவர் செல்போனைக் கையில் எடுப்பாரா, இல்லை சமையலை முடித்த பிறகா? கடைக்குத் தனியாகப் போவாரா? என் மனைவியையும் அக்கம்பக்கத்துப் பெண்களையும் நினைத்துக்கொண்டு, வாசலிலேயே நின்று ஒன்றிரண்டு சொன்னேன். பெயர் மட்டும் யாரும் வைக்கவில்லை. அக்கா என்றார்கள். அதுவே நிலைத்தது.

"அக்காவுக்கும் ஒரு டீ வைங்கண்ணே" என்றார் முதலாளி சிரித்துக்கொண்டே. எல்லோரும் சிரித்தார்கள். நானும் வைத்தேன். மீட்டிங் முடிந்து எடுக்கும்போது ஏடு படிந்து ஆறிப்போயிருக்கும். தொட்டியில் ஊற்றிவிட்டுக் கழுவி வைப்பேன்.

வீட்டில் இதை வேடிக்கையாகச் சொன்னேன். என் மனைவி சிரிக்கவில்லை.

"வெறும் நாற்காலிக்கு எதுக்குங்க டீ வைக்கிறீங்க? யாராவது வந்து உக்காந்துட்டா?"

"அது ஆபீஸ் வழக்கம்."

"நம்ம வீட்டுல செத்தவங்களுக்குத்தான் இப்படி வைப்போம். இந்தப் பொம்பள இன்னும் பொறக்கவே இல்லையே."

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. கம்ப்யூட்டர், பிரிண்டர், பூட்டு, என் டீ பிளாஸ்க் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். கணக்கு பார்க்கும் அம்மா வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர், அந்த நாற்காலியின் முதுகிலும் ஒன்று வைத்துவிட்டார். மற்ற நாற்காலிகளுக்கு வைக்கவில்லை. யோசித்துச் செய்ததல்ல, கை போன போக்கில் வைத்தது. முதலாளி அதைப் பார்த்தார். துடைக்கச் சொல்லவில்லை. கற்பூரத் தட்டை அந்தப் பக்கமும் ஒரு சுற்று காட்டினார்.

அன்றோடு சிரிப்பு நின்றது. நாற்காலியின் மேல் கால் பட்டுவிட்டால் இளைஞர்கள்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அதற்குக் குறுக்கே யாரும் நடப்பதில்லை, சுற்றிக்கொண்டு போனார்கள். முதலாளியும் மாறினார். முன்போல் பேசாமல் இருப்பதில்லை. தலையை லேசாக நாற்காலிப் பக்கம் சாய்ப்பார். பிறகு, "அக்காவுக்கு இது புடிக்கலையாம்" என்பார். அல்லது "அக்கா சரின்னுட்டாங்க." ஒரு பையன் ஊருக்குப் போக லீவு கேட்டபோதும் அப்படித்தான் சாய்த்தார். அக்கா கொடுக்கவில்லை. முதலாளி மறுத்திருந்தால் அவரிடம் கெஞ்சலாம். இதற்கு யாரிடம் போய்க் கெஞ்சுவது?

அந்தத் தரை வாசல் பக்கம் கொஞ்சம் சரிவு. துடைக்கும்போது தண்ணீர் எப்போதும் வாசலைப் பார்த்து ஓடும். சக்கரம் வைத்த அந்த நாற்காலி தானாக உருண்டால் வாசலுக்குத்தான் வர வேண்டும். சில நாள் காலையில் நான் கதவைத் திறக்கும்போது அது உள்ளே, ஜன்னலோரம், வெளியே பார்த்தபடி நிற்கும். யாராவது தள்ளி வைத்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன். கடைசியாகப் பூட்டிவிட்டுப் போகிறவன் நான்தான். இதைப் பற்றி நான் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. மெதுவாக மேஜைக்குத் தள்ளிக்கொண்டு வந்து வைப்பேன். தள்ளும்போது அவசரப்படமாட்டேன்.

அந்த ஆபீஸில் அதை நாற்காலியாகவே பார்த்தவள் ஒருத்திதான். கம்ப்யூட்டரில் படம் வரையும் பெண். மயிலாடுதுறைக்காரி, இங்கே ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். அப்பா இல்லை. வீட்டுச் செலவும் தம்பியின் படிப்பும் அவள் சம்பளத்தில்தான் ஓடின. காலையில் வந்ததும் தோள் பையைக் கழற்றி அந்த நாற்காலியில் மாட்டுவாள். "அக்கா, செத்த புடிச்சுக்குங்க" என்பாள். என்னிடம், "அண்ணே, அக்காவுக்கு சுகராம். டீயில சர்க்கரைய கொறைங்க" என்பாள். நான் சாப்பிட்டேனா என்று கேட்கிற ஆளும் அங்கே அவள் ஒருத்திதான்.

மாட்டுத் தீவனக் கம்பெனி ஒன்றின் விளம்பர வேலை வந்தபோதுதான் நான் முதலில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். முதலாளி கூப்பிட்டார். "அண்ணே, நீங்க மாடு வச்சிருக்கவரு. சும்மா உக்காந்து, அக்கா என்ன சொல்வாங்கன்னு சொல்லுங்க." வேண்டாம் சார் என்றேன். விடவில்லை. நின்றுகொண்டு இரண்டு வார்த்தை சேர்த்துப் பேச வராதவன் நான். உட்கார்ந்ததும் வந்தது.

"மாட்டுக்கு வாங்குறதுன்னா நான் ரோசிக்க மாட்டேன். எனக்குன்னாதான் நாலு கடை ஏறி எறங்குவேன்."

ஒருவர் அதை எழுதிக்கொண்டார். எழுந்தபோது காய்ச்சல் விட்ட மறுநாள் போலத் தலை லேசாக இருந்தது. அதன் பிறகு அவ்வப்போது என்னை உட்கார வைத்தார்கள். இதை மட்டும் நான் வீட்டில் சொல்லவில்லை.

அந்தத் தீவனக் கம்பெனிக்காரர் ஒரு நாள் நேரில் வந்தார். அவர் காட்டிய படத்தைப் பார்த்துவிட்டு முதலாளி, "எங்க அக்கா இத ஒத்துக்க மாட்டாங்க சார்" என்றார். வந்தவர் சுற்றிலும் பார்த்து, "எந்த அக்கா சார்?" என்றார்.

"அப்படி யாரும் இல்ல சார். அது காலிச் சேரு" என்றாள் அந்தப் பெண்.

வந்தவர் சிரித்தார். முதலாளியும் கூடவே சிரித்தார். அவர் கை மட்டும் நாற்காலியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது, அழுகிற பிள்ளையைத் தேற்றுவது மாதிரி.

சில நாள் கழித்து என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னார்.

"அக்காவுக்கு அந்தப் பொண்ணு மேல மனவருத்தம்ண்ணே. எனக்கு அவ தங்கச்சி மாதிரி. நானா போகச் சொல்ல மாட்டேன். அக்கா என்ன சொல்றாங்களோ அதுதான். நாளைக்கு மீட்டிங்ல நீங்க உக்காருங்க."

என் வாயால் அவளை வெளியே அனுப்பப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் அவள் டீ வாங்க வந்தாள்.

"என்னண்ணே, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"இன்னிக்கு உன்னப் பத்திதான் பேசப்போறாங்கம்மா."

"தெரியும்ண்ணே. தம்பி படிப்பு முடியிற வரைக்கும் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கணும். இப்ப வேற எடம் தேடுனா எவன் ஒடனே குடுப்பான்?" டம்ளரை வாங்கிக்கொண்டு, "நீங்க பாத்து சொல்லுங்க" என்றாள். கேலியாகத்தான் சொல்ல நினைத்தாள். குரல் அப்படி வரவில்லை.

மீட்டிங் தொடங்கியது. நான் உட்கார்ந்தேன். முதலாளி என் முகத்தைப் பார்க்காமல், என் தலைக்கு மேலே நாற்காலியின் முதுகைப் பார்த்துப் பேசினார்.

"அக்கா, ஒரு விஷயம். நம்ம ஆபீஸ்ல ஒருத்தர் இருக்கலாமா, வேண்டாமா?"

எங்கள் ஊரில் திருவிழாவில் குறி கேட்பார்கள். ஆடுகிறவர் ஆண்தான், பேசுவது அம்மன். கேட்கிறவன் தன் காரியத்தைத் தன் வாயால் கேட்க வேண்டும். எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் அம்மன் நீ என்றுதான் பேசும். முடிந்த பிறகு ஆடியவரிடம் போய், ஏன் அப்படிச் சொன்னாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். இதெல்லாம் எனக்கு நினைவு வந்தது பிறகுதான்.

"யாரு கேக்குறது?"

என் குரல்தான். ஆனால் நான் அவ்வளவு நிதானமாகப் பேசுகிறவன் இல்லை.

"நாங்க எல்லாரும்தான்க்கா."

"எல்லாரும் கேக்கல. யாரு கேக்குறது?"

கணக்கு பார்க்கும் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். முதலாளி எழுந்து நின்றுவிட்டார்.

"நான்தான்."

"என்ன கேக்குற நீ? வாயத் தொறந்து கேளு."

"அந்தப் பொண்ண அனுப்பிரலாமான்னு கேக்குறேன்."

அவர் இப்படி ஒன்றை நேராகச் சொல்லி அந்த அறையில் யாரும் கேட்டதில்லை. சொன்ன பிறகு அவர் கைகள் குவிந்திருந்தன. அது அவருக்குத் தெரியவில்லை.

"அவ என்ன பண்ணுனா?"

"வந்தவர்கிட்ட நீங்க இல்லன்னு சொல்லிட்டாக்கா."

சொல்லும்போது குரல் உடைந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது. அதுவரை நான், இது ஆட்களை வேலை வாங்குவதற்கு அவர் செய்யும் ஒரு தந்திரம் என்றே நினைத்திருந்தேன். அந்தக் கண்ணைப் பார்த்ததும் எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. கால் எழவில்லை. அந்தப் பெண் இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று வாயைத் திறந்தேன்.

"அவ சொன்னது சரிதான். நான் இல்ல."

என் வாய் அதோடு நிற்கவில்லை.

"இல்லாதவள இல்லன்னு சொன்னதுக்கா அவளப் போகச் சொல்ற?"

முதலாளி "சரிங்கக்கா" என்று உட்கார்ந்து, அடுத்த வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். குரல் வழக்கம்போல மெதுவாக இருந்தது.

அவள் வேலை போகவில்லை. அதைப் பற்றி அதன் பிறகு ஒரு பேச்சும் எழவில்லை. நாற்காலியை இனி எடுத்துவிடுவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். எடுக்கவில்லை. தான் இல்லை என்று அக்காவே சொன்ன பிறகு, அவர் இருப்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லாமல் போய்விட்டது.

இப்போது நான் டீ கொண்டுபோனால் முதலாளி எழுந்து நின்றுதான் வாங்கிக்கொள்கிறார். அண்ணே என்று கூப்பிடுவதில்லை. எப்படியும் கூப்பிடுவதில்லை. நான் உள்ளே நுழைந்தால் இளைஞர்கள் பேச்சைக் குறைக்கிறார்கள். அவள் ஒருத்தியாவது பழையபடி இருப்பாள் என்று நினைத்தேன். அவள் பையை மாட்டும் இடத்தை மாற்றிக்கொண்டாள்.

போன வாரம் எல்லோரும் சாப்பிட வெளியே போயிருந்தார்கள். நான் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் வந்து கதவோரம் நின்றாள்.

"அண்ணே, செத்த வந்து உக்காருங்களேன்."

"எங்கம்மா?"

அவள் மீட்டிங் அறைப் பக்கம் பார்த்தாள். "எனக்கு ஒரு எடம் வந்திருக்கு. கல்யாணத்துக்கு. அம்மா சரிங்கிறாங்க. எனக்கு மனசு ஒப்பல. ஒண்ணு கேக்கணும்."

"என்கிட்ட கேளும்மா. எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன்."

"உங்கள்ட்ட இல்லண்ணே."

அவள் முகத்தில் கேலி இல்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தாள். மீட்டிங் அறையின் கதவு திறந்திருந்தது, லைட்டும் போட்டிருந்தாள். தெரியாதும்மா, அங்கே யாரும் இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அதைத்தான் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதே. கையைத் துடைத்துக்கொண்டு அவள் பின்னால் போனேன்.