நட்சத்திர பூதமும் செல்லையாவின் போலீஸ் வெரிஃபிகேஷனும்

சிவப்பு கார்பாலிக் சோப்பு வாசனை... அறுபதுகளில் செம்பூர் முழுக்க அடித்தது. அரபிக்கடல் தாண்டி ஆப்பிரிக்காவில்கூட நாலு பேர் தும்மியிருப்பார்கள்.

உபயம், என் ரூம்மேட் செல்லையா. என்னைப் போலவே திருநெல்வேலிக்காரன், என் வயசு. வேலை விட்டு வந்ததும் நாங்கள் இருந்த சால் என்கிற வரிசைக் குடியிருப்பின் பொதுக் குழாயடியில் உட்கார்ந்து முழங்கை வரை தேய்ப்பான். பின்னால் பக்கெட் க்யூ குர்லா வரை நிற்கும்.

டிராம்பே பக்கம் அணு ஆராய்ச்சியில் புதுசாக வேலை. ஸ்டாஃப் பஸ்ஸில் போவான், வருவான். "உள்ள என்னல பண்ணுத?" என்று கேட்டால்...

"சொல்லக்கூடாதுல."

அவ்வளவுதான்!

நான் ஃபோர்ட் ஏரியாவில் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட். ரயிலில் படிக்க, மாதுங்கா நடைபாதைக் கடையில் அட்டை கிழிந்த ஒரு இங்கிலீஷ் புத்தகம் மாட்டியது. நட்சத்திரங்களுக்கு அப்பாலிருந்து உருவமே இல்லாத ஏதோ ஒன்று இறங்கி, ஒரு விஞ்ஞானிக்குள் புகுந்துகொள்கிறது. அவன் பேச்சைக் குறைக்கிறான். கழுவிக்கொண்டே இருக்கிறான். அந்த வஸ்துவுக்கு மனுஷன் மேல் கோபம்கூட இல்லை. நாம் இருப்பதே அதற்குத் தெரியாது!

வடாலா ஸ்டேஷன் வரும்போது என் ரத்தம் உறைந்தது. செம்பூரில் இறங்க மறந்து மான்குர்ட் வரை போய்த் திரும்பினேன். ராத்திரியே செல்லையாவிடம் கதையைச் சொல்லி, அவன் முகத்தை நோட்டம் விட்டேன்.

அன்று முதல் செல்லையா சோறு குறைவாகத் தின்றால் எனக்குச் சந்தேகம். கூடத் தின்றால் அதைவிடச் சந்தேகம்.

ஒரு ஞாயிறு காலை மஃப்டியில் ஒரு மராத்தி ஹவல்தார் வந்தார். செல்லையா காய்கறி வாங்கப் போயிருந்தான். சர்க்கார் வேலைக்கு வெரிஃபிகேஷன்... கூட இருப்பவர்கள் நல்லபடி சொன்னால்தான் வேலை நிலைக்கும்.

"ஆத்மி கைசா ஹை?" ஆள் எப்படி என்றார்.

"அச்சா ஆத்மி" என்று ரெண்டே வார்த்தை சொல்வது ஊர் வழக்கம். நானோ, கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறான், கேட்டால் வாயே திறப்பதில்லை, எனக்கென்னவோ சரியாகப் படவில்லை என்று என் அரைகுறை இந்தியில் பிரபஞ்ச ரகசியத்தையே போட்டு உடைத்தேன். அவர் நிதானமாக எழுதிக்கொண்டு கிளம்பினார்.

திரும்பினால் வாசலில் செல்லையா. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். பையிலிருந்து வெண்டைக்காய் ஒவ்வொன்றாக விழுந்தது.

"ஏல... இந்த வேலைய நம்பித்தான் அம்மா தங்கச்சிய பள்ளிக்கூடம் அனுப்புதா. ஒரு பொஸ்தகத்தப் படிச்சிட்டு என் சோத்துல மண்ணப் போட்டுட்டியேல."

கண் கலங்கி நின்றான். பூதம் எதுவும் அப்படி அழாது என்று அப்போதுதான் உறைத்தது.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு வேட்டி தடுக்க ஓடி, பஸ் ஸ்டாப்பில் ஹவல்தாரைப் பிடித்தேன். புத்தகத்தைக் காட்டி, முழுக்கதையும் சொன்னேன். ரெண்டு பஸ் போய்விட்டது.

"அந்த மேல இருக்கிறதுக்கு நாம இருக்கிறதே தெரியாதா?" என்று இந்தியில் கேட்டார்.

"தெரியாது ஸாப்."

"எங்க மேலதிகாரிக்கும்தான் தெரியாது. பத்து வருஷமா ஹவல்தாராவே இருக்கேன்."

நோட்டைத் திறந்தார். "வாயே திறக்க மாட்டான்னு சொன்னே இல்ல? அந்த வேலைக்கு அப்படி ஆள்தான் வேணும்." கை கழுவின கதையைக் கோடு போட்டு அடித்துவிட்டு, ஏதோ எழுதி, மூணாவது பஸ்ஸில் ஏறிவிட்டார். செல்லையா அங்கேயே ரிடையர் ஆனான்.

இப்போது என் பேரன் அதே ரகக் கதைகளை சிப்ஸ் தின்றுகொண்டே மொபைலில் படிக்கிறான். "இதுல என்ன தாத்தா பயம்? செம போர்!" என்கிறான். நான் நம்பவில்லை. பயமில்லாதவன் எதற்கு நடுவில் ரெண்டு தரம் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான்?

போன வாரம் செல்லையாவுக்கு போன் போட்டு, "இந்தக் காலத்துல எவனாவது அந்தப் பூதக் கதைக்கெல்லாம் பயப்படுவானால?" என்று கேட்டேன்.

"வானத்துலேருந்து வாரதுக்கு நான் அன்னைக்கே பயப்படலைல. பக்கத்துப் பாய்ல கெடக்கிறவன் என்னத்தச் சொல்லி வைப்பானோன்னுதான்..."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அது சிரிப்புதானா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.