கூட வராத ஒருவர்

கப்பலில் ஏறுவதற்கு முன்னால் நிரப்ப வேண்டிய படிவத்தில் எனக்குப் பிடிக்காத கட்டம் ஒன்று இருந்தது. அவசரம் என்றால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை: அவர் உங்களுடன் பயணம் செய்பவராக இருக்கக் கூடாது.

முப்பத்தோரு வருடம் தாலுகா ஆபீசில் குப்பை கொட்டியவள் நான். கடைசிச் சில வருடங்கள் விளாத்திகுளத்தில் வாரிசுச் சான்று மனுக்களைப் பார்த்தேன். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மனுவைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். காட்டு வேலையைப் போட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்து நிற்கிற ஆளாக இருந்தாலும் சரி, எழுதிக்கொண்டு நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பியிருக்கிறேன். அவர்கள் சபித்தது இப்போது பலிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கப்பல் என் ஆசை இல்லை. என் வீட்டுக்காரருக்கு எழுபது முடிந்ததற்கு ஊரைக் கூட்டி ஒரு சாந்தி செய்யலாம் என்று சென்னையில் இருக்கும் மகள் சொன்னாள். நான்தான் வேண்டாம் என்றேன். மேடை போட்டு உட்கார்ந்தால் என் பிறந்த வீட்டு வரிசையோடு வந்து நிற்க வேண்டியது என் அண்ணன். அவன் வர மாட்டான். வந்தவர்கள் எல்லாரும் அந்த இடத்தைப் பார்ப்பார்கள். அதற்குப் பதிலாக மகள் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் கப்பலில் மூன்று நாள் பயணத்துக்கு எங்கள் இருவருக்கும், மருமகன், பேத்தியோடு அவர்கள் மூவருக்கும் சேர்த்துப் பதிவு செய்துவிட்டாள்.

கோவில்பட்டி வீட்டில் ஒரு வாரம் இதே வேலைதான். கண்ணாடியைக் கழற்றி வெள்ளைச் சுவர் முன்னால் நின்று போட்டோ எடுத்து அனுப்பினோம். பெட்டியில் கட்ட வேண்டிய சீட்டுகளை ஜெராக்ஸ் கடையில் கலரில் அச்செடுத்தோம். பெட்டிகளைத் துறைமுக வாசலிலேயே வாங்கிக்கொண்டு சாயங்காலம்தான் அறைக்கு அனுப்புவார்களாம். அதனால் மாத்திரையும் மாற்றுத் துணியும் கைப்பையில் இருக்க வேண்டும் என்று மகள் மூன்று தரம் சொன்னாள். கொண்டு வரக் கூடாதவை என்று ஒரு பட்டியலும் அனுப்பினாள். இஸ்திரிப் பெட்டி, கத்தரிக்கோல், தீப்பெட்டி, வெளிச் சாப்பாடு. கோவில்பட்டிக்காரர்கள் பையில் தீப்பெட்டி இல்லாமல் இருக்குமா? என் பையிலிருந்து இரண்டு, அவர் பையிலிருந்து ஒன்று என்று எடுத்து வெளியே போட்டேன். சட்டைகளுக்கு நடுவில் அவர் மறைத்து வைத்திருந்த காராச்சேவுப் பொட்டலத்தையும் எடுத்தேன். நாலு வேளையும் அங்கே சோறு போடுவார்களாம் என்றேன். போடுகிறவர்களுக்குக் காராச்சேவு போடத் தெரியுமா என்று கேட்டார்.

படிவத்தை மகள்தான் போனில் எங்களைக் கேட்டுக் கேட்டு நிரப்பினாள். அவள் வீட்டு மூவருக்கும் மாமியார் நம்பரைக் கொடுத்துவிட்டாள். என் வீட்டுக்காரர் தன்னோடு வேலை பார்த்த சிநேகிதர் பேரைச் சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார். அவருக்கு எல்லாமே சுலபம். என் முறை வந்ததும் நான் யோசித்தேன். எனக்கென்று இருக்கிற நாலு பேரும் அதே கப்பலில் வருகிறார்கள். கரையில் நிற்க எனக்கு யார் இருக்கிறார்கள்?

சம்பந்தியம்மா நம்பரையே போட்டுவிடட்டுமா என்று மகள் கேட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு ஒன்று என்றால் முதல் செய்தி சம்பந்தி வீட்டுக்கா போக வேண்டும், நான் என்ன பிறந்த வீடு இல்லாதவளா என்று கத்தினேன். அவள், கட்டத்தை நிரப்பாமல் அது அடுத்த பக்கத்துக்குப் போகாது, இப்போதைக்கு இதைப் போடுகிறேன், ஏறுகிற அன்றைக்குக் கவுண்டரில் மாற்றிக்கொள்ளலாம் என்றாள். போனை வைத்த பிறகு நான் அடுப்படியில் போய் நின்று அழுதேன்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்துக் கரிசலில் சோலார் கம்பெனிக்காரர்கள் நிலம் கேட்டு வந்தார்கள். அப்பா விட்டுப்போன மானாவாரிக் காட்டில் அதுவரை அண்ணன்தான் மிளகாயும் உளுந்தும் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு மழை தவறினால் விதைத்ததுகூடத் திரும்பி வராத காடு. அதை விற்கப் பேச்சு நடக்கிறது என்று கேள்விப்பட்டதும் எனக்குள் இருந்த ஆபீஸ்காரி எழுந்து உட்கார்ந்துகொண்டாள். தங்கச்சி பேரை விட்டுவிட்டு வாரிசுச் சான்று கேட்டு வந்த எத்தனையோ அண்ணன்மாரை நான் பார்த்திருக்கிறேன். என் அண்ணனையும் அந்த வரிசையில் நிறுத்திவிட்டேன். நேரில் போய்க் கேட்டிருக்கலாம், பஸ்ஸில் முக்கால் மணி நேரம்தான். நான் வக்கீலைப் பிடித்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன்.

பத்திரம் முடிகிற அன்றைக்கு அவன் வந்தான். எனக்குச் சேர வேண்டிய பாதிப் பணத்தை மறுக்காமல் கொடுத்தான். பதிவு ஆபீஸ் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "கேட்டிருந்தா தந்திருப்பேம்லா" என்றான். அதோடு என்னுடன் பேசுவதை நிறுத்திவிட்டான். அவன் சொன்னது உண்மை. அவன் தந்திருப்பான். நோட்டீஸில் கையெழுத்துப் போட்ட நிமிஷமே எனக்கு அது தெரியும்.

அதற்குப் பிறகும் நான் ஒன்று செய்தேன், அது நோட்டீஸைவிட மோசம். நான்கு வருடத்துக்கு முன்னால் மதினி, அண்ணன் பெண்டாட்டி, இறந்துபோனாள். அண்ணன் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினான். எங்கள் பக்கம் எவ்வளவு பகை என்றாலும் கேதத்துக்குப் போய் நின்றுவிடுவார்கள். மதினி கழுத்தில் மூன்றாவது முடிச்சுப் போட்ட நாத்தனார் நான். காய்ச்சல் என்று சொல்லி வீட்டுக்காரரை மட்டும் பைக்கில் அனுப்பிவிட்டு நான் போகாமல் இருந்தேன். இப்போது அவன் நம்பரைக் கப்பல்காரர்களிடம் கொடுக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஆனாலும் அந்தக் கட்டத்தில் வேறு பேரை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பெட்டி அடுக்கும்போதும் அதுதான், ரயிலில் சென்னைக்குப் போகும்போதும் அதுதான்.

துறைமுகத்தில் எங்களுக்குப் பதினோரு மணி என்று நேரம் கொடுத்திருந்தார்கள். வாசலில் பெட்டிகளை வாங்கிக்கொண்டு போனார்கள். பைகளைத் திறந்து பார்த்தார்கள். அவர் பையின் அடியிலிருந்து இன்னொரு காராச்சேவுப் பொட்டலம் வந்தது. அதை எடுத்து மேஜையில் வைத்த காவலாளியை அவர் பார்த்த பார்வையில் பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பெரிய கூடத்தில் வரிசை வரிசையாக நாற்காலிகள். நம்பர் கூப்பிட்டதும் கவுண்டருக்குப் போய் ஆதாரைக் காட்டி, நிரப்பியதைச் சரிபார்த்து, முகத்தைப் படம் எடுத்தால் ஒரு அட்டை தருவார்கள். அதுதான் கப்பலுக்குள் எல்லாவற்றுக்கும் என்றாள் மகள். எங்களுக்கு முன்னால் முப்பது பேர் இருந்தார்கள்.

"அம்மா, மாத்தணும்னா இப்பமே யோசிச்சுக்கோ. உள்ள போயிட்டா முடியாது" என்றாள்.

கேட்காமலே மாமா நம்பரைச் சொல்லிவிடலாமே, ஒன்றும் ஆகப் போவதில்லை, அவர்கள் கூப்பிடவும் போவதில்லை என்றும் சொன்னாள். நான் மாட்டேன் என்றேன். கேட்காமல் நோட்டீஸ் அனுப்பினேன், இதையாவது கேட்டுச் செய்ய வேண்டும். எழுந்து தூண் ஓரமாகப் போனேன். அவன் நம்பரைப் போனிலிருந்து எப்போதோ அழித்துவிட்டேன். ஆனால் முதல் போன் வாங்கிய நாளிலிருந்து அவனுக்கு ஒரே நம்பர்தான். விரல் தானாகப் போட்டது.

நாலாவது மணி அடித்தபோது எடுத்தான். யாரு என்று கேட்கவில்லை. "சொல்லு" என்றான். என் நம்பர் அவனிடம் இருந்திருக்கிறது.

ஆபீசில் மனுதாரர்கள் என் முன்னால் நின்று முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வார்களே, அப்படித்தான் நானும் சொன்னேன். கப்பல், படிவம், கூட வராத ஒருவர் பேர் வேண்டும், உன்னைக் கேட்காமல் எழுத மனசு வரவில்லை. அவன் குறுக்கே பேசவில்லை. அந்தப் பக்கம் ஆடுகள் கத்துவது கேட்டது. நான் முடித்த பிறகு, எத்தனை நாள் என்று கேட்டான். மூன்று என்றேன். அங்கே போன் எடுக்குமா என்று கேட்டான். கடலுக்குள் போய்விட்டால் எடுக்காது என்றேன்.

"அப்போ எனக்கு ஒண்ணுன்னா ஒனக்கு யாரு சொல்லுவா?"

சண்டைக்கு இழுக்கும் குரல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். அவனுக்கு அறுபத்தெட்டு வயது, மகன் வெளியூரில், தனியாக இருக்கிறான். அவன் சாவுக்கு நான் வருவேன் என்று இன்னும் கணக்கில் வைத்திருக்கிறான் என்பது எனக்கு உறைத்தபோது தூணில் சாய்ந்துகொண்டேன். அப்போதுதான் யாரிடமும், வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாததைச் சொன்னேன்.

மதினி இறந்த அன்றைக்கு, அவர் பைக்கில் கிளம்பிப் போன பிறகு வீட்டில் இருக்கப் பொறுக்காமல் நானும் மாலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். என் பிறந்த ஊருக்குப் பிரியும் விலக்கில் இறங்கினேன். அங்கிருந்து ஊருக்கு ஒரு மைல் மண் ரோடு. மேளச் சத்தம் கேட்டது. நோட்டீஸ் விட்டவள் வந்துட்டா என்று ஒருத்தியாவது சொல்லுவாள் என்று நினைத்ததும் கால் எழவில்லை. வெயிலில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, மாலையை நிழற்குடைத் திண்டில் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். அவர் வருவதற்கு முன்னால் வந்து போர்த்திப் படுத்துக்கொண்டேன்.

அண்ணன் சொன்னான்.

"தெரியும். விலக்குல நீ நிக்கன்னு பால்காரரு வந்து சொன்னாரு. இந்தா வந்திருவ, இந்தா வந்திருவன்னு பொழுதடையுத மட்டும் அவளை எடுக்காம வச்சிருந்தேன்."

வாயைச் சேலையால் பொத்திக்கொண்டேன். பக்கத்தில் யாரோ தொப்பி போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"எம் பேரை எழுதிக்கோ" என்றான். இந்தப் போனில் சார்ஜ் நிற்பதில்லை, மகன் நம்பரையும் சேர்த்துக் கொடு என்று அதையும் இரண்டு தரம் சொன்னான். வைத்துவிட்டான்.

எங்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள். கவுண்டரில் இருந்த பெண் என் ஆதாரை வாங்கிப் பார்த்தாள். அவசரத் தொடர்பை மாற்ற வேண்டும் என்று மகள் சொன்னதும், உறவு என்ன என்று என்னைக் கேட்டாள். அண்ணன் என்றேன். பேர் கேட்டாள். பதினோரு வருடமாக நான் சொல்லாத பேர், வாயில் வரவில்லை. மகள்தான் சொன்னாள்.