பரிசல் பார்க்க மாட்டுத் தரகரோடு ஒகேனக்கல்லுக்கு

யுத்த காலம். எங்கள் ஊர் இண்டூர். காவிரிக்கு அக்கரையில் தங்கை ராசம்மாவைக் கட்டிக்கொடுத்திருந்தோம். எட்டு மாதக் கர்ப்பிணி. முன்பொரு தடவை அவள் ஏறிய வாடகைப் பரிசல் நடு ஆற்றில் ஒழுகியதிலிருந்து தண்ணீரைக் கண்டாலே நடுங்குவாள். அக்கரையில் எங்களுக்குக் குத்தகை நிலமும் உண்டு. சொந்தமாகப் பரிசல் வாங்கி, அதிலேயே அவளைப் பிரசவத்துக்கு அழைத்துவருவதென்று தை பிறந்ததும் கிளம்பினேன்.

வாங்குமுன் யாரிடம் காட்டுவது? ஒகேனக்கல்லில் பரிசல் விற்பவரே ஓர் ஆளைச் சொல்லி அனுப்பியிருந்தார். விசாரித்தால், அவருடைய மச்சான். நன்றாயிருக்கிறதே நியாயம்! மாடு வாங்கத் தரகரோடு போவது எங்கள் பழக்கம். அந்தப் பழக்கத்தில் பாப்பாரப்பட்டிச் சந்தைத் தரகர் முனியப்பனையே கூட்டிக்கொண்டேன். பென்னாகரம்வரை பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ், ஆளுக்கு நாலணா. பிறகு பத்து மைல் மாட்டுவண்டி. மனிதர் வாயே மூடவில்லை. வண்டி மாட்டுக்கும் விலை போட்டுவிட்டார்.

வந்திருப்பவர் மாட்டுத் தரகர் என்று தெரிந்ததும் ஆற்றங்கரையில் பரிசல்காரர்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

"பரிசலுக்குப் பல்லப் புடிச்சிப் பாக்கவா கூட்டியாந்தீங்க?" என்றார் ஒருவர்.

முனியப்பன் அசரவில்லை. கவிழ்த்திருந்த பரிசலின் தோலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தவர், அடிப்பக்கம் ஓரிடத்தில் நின்றார். மேலே ஓட்டையடைக்கிற குங்கிலியப் பிசின் கனமாகப் பூசியிருந்தது.

"சூடு போட்ட மாட்டுத் தோலுங்க இது. தழும்பு காய்ஞ்சு வெடிச்சிருக்கும். உள்ள தண்ணி ஊத்துங்க."

விற்பவர் முணுமுணுத்தார். நான் விடவில்லை. பரிசலை நிமிர்த்திக் கல்மேல் தூக்கி வைத்துத் தண்ணீர் ஊற்றினோம். முனியப்பன் விரல் வைத்த இடத்திலேயே கோடாகக் கசிந்தது. எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. சிரித்தவர்கள் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்கள்.

அடுத்த பரிசலின் தோல் சுத்தம். மூங்கில் எப்படி என்று கேட்டேன். "அது எனக்குத் தெரியாதுங்க. வேற ஆளக் கேளுங்க" என்றார், அத்தனை நேரம் பேசிய மனிதர். அந்த ஒரு சொல்லில்தான் அவர்மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. விற்பவருக்கு உறவில்லாத கூடைமுடைபவர் ஒருவரைத் தேடிப்பிடித்தேன். அவர் முழங்காலால் அழுத்தி, ஒவ்வொரு மூங்கில் பிளாச்சாக வளைத்துப் பார்த்துச் சரியென்றார். வாங்கிவிட்டேன்.

பரிசல் வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: விற்பவர் காட்டும் ஆள் வேண்டாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்பவரைப் பிடியுங்கள். தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் பண முடிச்சை அவிழ்க்காதீர்கள். கரையிலேயே மீன் வறுவல் கிடைக்கும். தரகருக்கும் சேர்த்து வாங்குங்கள், நன்றாகச் சாப்பிடுவார்.

மறுவாரம் ராசம்மாவை ஏற்றினோம். பாதி ஆறுவரை கண்ணை இறுக மூடியிருந்தாள். பிறகு மெல்லக் குனிந்து, காலடியில் தோலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"காஞ்சு கெடக்குதுண்ணா" என்றாள். அப்புறம் கரை வரும்வரை ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள்.